'நோ சிக்னல்'னு வருதா? கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

போன மாதம் வீடு மாறினேன். வேளச்சேரியில் இருந்து குரோம்பேட்டை. கட்டில், பீரோ, வாஷிங் மெஷினோடு என் டெஸ்க்டாப்பையும் குட்டியானையில் ஏற்றி, பாதுகாப்புக்கு மேலே ஒரு தலையணையைப் போட்டுக் கட்டி அனுப்பினேன். சாமான்களை எல்லாம் இறக்கி முடித்து, ராத்திரி பத்து மணிக்கு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுத்துது, லைட் எரியுது, கீபோர்டுகூட மின்னுது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. ஐந்து விநாடியில் அதுவும் தூங்கப் போய்விட்டது.

மறுநாள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆன் செய்தார்கள். மதர்போர்டில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரிந்ததை கேபினெட்டின் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். "கார்டு போயிடுச்சு சார். புதுசு 26 ஆயிரம் ஆகும். பழசை வேணும்னா ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கறோம்." மொத்தமே மூன்று நிமிடம். அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், வண்டி வாடகை எல்லாம் கொடுத்து முடித்த வாரத்தில் 26 ஆயிரம் எங்கே போவது?

ஆபீஸ் ஐடி டெஸ்க்கில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, கார்டு போயிடுச்சுங்கறாங்க."

"யாரு சொன்னா? கழட்டிப் பார்த்தாங்களா?"

"இல்லண்ணே, லைட்டைப் பார்த்தே சொல்லிட்டாங்க."

"அப்போ நீ முதல்ல கழட்டி மாட்டு தம்பி. அப்புறம் பேசலாம்."

கழட்டி மாட்டினேன். படம் வந்துவிட்டது. செலவு, பூஜ்ஜியம்.

சரி, எனக்கு அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் பிறகு அண்ணனிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதில், இது அதிர்ஷ்ட சமாச்சாரமே இல்லை என்று புரிந்தது.

அந்த வெள்ளை விளக்கு என்னதான் சொல்லுது?

இப்போது வரும் பல மதர்போர்டுகளில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். பக்கத்திலேயே சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஒவ்வொரு பாகத்தையும் மதர்போர்டு கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராத பாகத்தின் விளக்கு எரிந்தபடி நிற்கும். விஜிஏ விளக்கு எரிந்தால், 'கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் இருந்து சரியான பதில் இல்லை' என்று அர்த்தம். அவ்வளவுதான். மானிட்டர் கேபிள் ஒழுங்காக இல்லாவிட்டால்கூட சில போர்டுகளில் இந்த விளக்கு எரியும். போன் எடுக்காதவர் எல்லாம் ஊரைவிட்டே போய்விட்டார் என்று நாம் முடிவு கட்டுவதில்லையே!

விளக்கு இல்லாத பழைய போர்டுகளில் பீப் சத்தம் வரும். அவார்டு பயாஸ் உள்ள போர்டு என்றால் நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. அதற்கும் இதே அர்த்தம்தான்.

கிராபிக்ஸ் கார்டு மூன்று இடத்தில் வெளியுலகத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராக வரும் பவர் கேபிள் இரண்டாவது. மானிட்டருக்குப் போகும் கேபிள் மூன்றாவது. இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரைதான். கார்டு நிஜமாகவே செத்துப்போனாலும் அதே கறுப்புத் திரைதான். அதனால்தான் குழப்பம். செலவே இல்லாத மூன்றையும் பார்த்து முடிக்காமல், செலவு வைக்கும் நான்காவதுக்குப் போகக் கூடாது.

முதலில் கேபினெட்டின் பின்பக்கம் போங்க

சிரிக்காதீர்கள். வீடு மாறியதும், சுத்தம் செய்ததும் நடக்கும் நம்பர் ஒன் தப்பு இதுதான்: எச்டிஎம்ஐ கேபிளை கிராபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டுவது. இரண்டிலும் ஒரே மாதிரி ஓட்டைதான். யுஎஸ்பி, ஆடியோ போர்ட்டுகளோடு மேலே செங்குத்தாக இருப்பது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, தனியாகப் படுக்கை வசத்தில் வரிசையாக இருப்பதுதான் கார்டுடையது.

தப்பாக மாட்டினால் என்ன ஆகும் என்பது உங்கள் பிராசசரைப் பொறுத்தது. இன்டெல்லில் ஐ5-12400எஃப் மாதிரி, பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ வெறும் அலங்காரம், ஒன்றுமே வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600, 5600எக்ஸ் இரண்டுக்கும் இதே கதை. 5600ஜி-யில் மட்டும் படம் வரும். உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் இன்னும் பெரிய கூத்து. விண்டோஸ் அழகாக ஓடும், யூடியூப் ஓடும், கேம் மட்டும் நகராது. 30 ஆயிரம் ரூபாய் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டியவர்கள் உண்டு.

அடுத்து மானிட்டரின் மெனுவில் 'இன்புட்' சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1-ல் கேபிள், 2-ல் செட்டிங் என்று இருந்தால் ஜென்மத்துக்கும் சிக்னல் வராது. வேறு கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள். டிவி பாக்ஸில் இருப்பதைக் கழட்டினால் போதும்.

டிஸ்பிளேபோர்ட் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, அதன் தலையில் ஒரு அழுத்தும் பொத்தான் இருந்தால் அதை அமுக்கிக்கொண்டுதான் இழுக்கணும். சும்மா பிடுங்கினால் கார்டின் போர்ட்டே கையோடு வரும். இரண்டு, மலிவான சில கேபிள்களில் 20-வது பின்னையும் இணைத்திருப்பார்கள். அது 3.3 வோல்ட் பவர் பின். சாதாரண கேபிளில் அது இணைக்கப்படவே கூடாது என்பதுதான் விதி. இணைத்திருந்தால் மானிட்டரில் இருந்து கார்டுக்குள் மின்சாரம் திரும்பப் பாய்ந்து, கம்ப்யூட்டர் ஆன் ஆவதே தகராறாகும். மானிட்டர் கேபிளைப் பிடுங்கினால் ஒழுங்காக ஆன் ஆகிறது, மாட்டினால் ஆகவில்லை என்றால் சந்தேகம் கேபிள் மேல்தான்.

பழைய மானிட்டரில் நீலக் கலர் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா? என்விடியா ஜிடிஎக்ஸ் 10 சீரிஸில் இருந்து அனலாக் சிக்னல் தருவதையே நிறுத்திவிட்டார்கள். நூறு ரூபாய் டிவிஐ-விஜிஏ மூக்கை மாட்டினால் வேலைக்கு ஆகாது. உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும்.

இப்போ கழட்டலாம்

பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். ஷட் டவுன், சுவிட்ச் ஆஃப், பவர் கார்டையே பிடுங்கி வைப்பது. அதன் பிறகும் கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் தீரும். கார்டைத் தொடும் முன்பு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டேடிக் அதில் இறங்கிவிடும். ஏசி அறை, சிந்தெடிக் கார்ப்பெட் இரண்டும் சேர்ந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது.

கார்டைப் பிடித்திருப்பது இரண்டு: பின்பக்க ஸ்குரூக்கள், ஸ்லாட்டின் வால்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் லாக். ஸ்குரூ எல்லாருக்கும் தெரியும். லாக்கை மறந்துவிட்டு கார்டை இழுத்து ஸ்லாட்டையே பெயர்த்து எடுத்தவர்கள்தான் அதிகம். பெரிய கார்டு என்றால் அந்த லாக் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும்; விரல் போகாது. ஐஸ்கிரீம் குச்சியால் தள்ளுங்கள். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால், நழுவி மதர்போர்டில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு வாரன்டி கிடையாது.

நான் பேனலைத் திறந்ததும் பார்த்தது இதைத்தான்: லாக் திறந்தே கிடந்தது. அநேகமாக வாங்கி மாட்டிய நாளிலேயே அது 'கிளிக்' ஆகவில்லை. மூன்று வருடம் ஸ்குரூ பலத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த கார்டு, வேளச்சேரி மெயின் ரோட்டில் குட்டியானை ஏறி இறங்கியதில் வால்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டது. கேபினெட் நிமிர்ந்து நிற்கும்போது கார்டு பக்கவாட்டில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது? என்னுடையது ஆர்டிஎக்ஸ் 3060, கொஞ்சம் லேசானது. ஆர்டிஎக்ஸ் 4090 எல்லாம் 2 கிலோவுக்கு மேல். ரேஷன் அரிசிப் பை மாதிரி.

வெளியே எடுத்த கார்டின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருப்பவைதான் தொடுமுனைகள். எண்ணெய் பிசுக்கு, தூசி, விரல் ரேகை இருந்தால் துடைக்கணும். மருந்துக்கடையில் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கி, பஞ்சு உதிராத துணியில் தொட்டுத் துடைத்து, முழுசாகக் காயவிடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் பாரம்பரிய வைத்தியம். வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு. மறுபடி மறுபடி தேய்த்தால் போய்விடும். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் பக்கமே போகாதீர்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

திரும்ப மாட்டும்போது நேராக வைத்து, இரண்டு முனையையும் சமமாக அழுத்தணும். 'கிளிக்' கேட்டே ஆகணும். தங்கக் கோடு ஒரு முனையில் மறைந்து, மறு முனையில் எட்டிப்பார்த்தால் உட்காரவில்லை என்று அர்த்தம். இதில் யாரும் சொல்லாத ஒன்று, ஸ்குரூவை முறுக்கும்போது நடக்கும். கேபினெட் கொஞ்சம் கோணலாக இருந்தால், ஸ்குரூ இறுக இறுக முன்பக்கம் அமுங்கி, வால்பக்கம் மேலே எழும். அதனால் ஸ்குரூ முறுக்கிய பிறகு இன்னொரு தடவை குனிந்து ஸ்லாட்டைப் பாருங்கள்.

பவர் கேபிள்: இங்கேதான் விளையாட்டு வேண்டாம்

ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்ஸ். ஜிடி 710, ஜிடி 1030 மாதிரி சின்ன கார்டுகளுக்கு அதுவே போதும். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனி கேபிள் வரணும்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட்ஸ், 8 பின் என்றால் 150 வாட்ஸ். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து நீங்கள் ஒன்றில் மட்டும் மாட்டியிருந்தால் கார்டு வேலை செய்யாது. சில என்விடியா கார்டுகள் பவர் கேபிளை மாட்டச் சொல்லித் திரையிலேயே எழுதிக் காட்டும். மற்றவை வாய் திறக்காது. இங்கேயும் 'கிளிக்' கேட்கணும்.

பிராசசருக்குப் போகும் கேபிளும் 8 பின்தான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் உள்ளே பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். கேபிளில் 'சிபியூ' என்று எழுதியிருந்தால் அது கார்டுக்கு இல்லை. துளைகளின் வடிவமே வேறு, லேசில் நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைக்கும் வீரர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதைவிட ஆபத்தானது மாடுலர் எஸ்எம்பிஎஸ் கேபிள். அதாவது, இரண்டு பக்கமும் கழற்றக்கூடியது. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எது வரணும் என்பதற்குப் பொதுவான விதியே கிடையாது. ஒரு பிராண்டின் கேபிள் இன்னொன்றில் நுழையும், ஆனால் 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் வேறு ஏதோ போகும். ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். நண்பரிடம் கேபிள் கடன் வாங்கி மாட்டினால், கனெக்‌ஷன் பிரச்சினை நிஜமாகவே 'கார்டு போயிடுச்சு' ஆகிவிடும்.

டெஸ்க்டாப்பில் படம் வருகிறது, கேம் அல்லது வீடியோ ரெண்டர் ஆரம்பித்ததும் கறுப்பாகிறது அல்லது மொத்தமாக அணைகிறது என்றால், அது பெரும்பாலும் பவர் பக்கத்துப் புகார். ஒரே கேபிளில் இரண்டு தலை இருப்பதைப் பெரிய கார்டுக்கு மாட்டியிருந்தால், இரண்டு தனித்தனி கேபிளாக மாற்றிப் பாருங்கள்.

ஒரு கனெக்டர் சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது. வந்த சில நாட்களிலேயே அதன் புதிய 16 பின் பவர் கனெக்டர் உருகிப்போன படங்கள் வரத் தொடங்கின. நவம்பரில் என்விடியா, உலகம் முழுக்க சுமார் 50 கேஸ்கள் தெரியவந்திருப்பதாகவும், கனெக்டர் முழுசாக உள்ளே போகாதது அவற்றில் பொதுவாகக் காணப்படும் ஒரு பிரச்சினை என்றும் சொன்னது.

கணக்குப் போட்டால் புரியும். 450 வாட்ஸ், 12 வோல்ட். அப்படியென்றால் 37.5 ஆம்பியர். அதைச் சுமப்பது ஆறு சின்ன பின்கள். ஒவ்வொன்றுக்கும் 6 ஆம்பியருக்கு மேல். உங்கள் வீட்டு 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் இழுப்பதே 4.3 ஆம்பியர்தான்! கனெக்டர் சாய்ந்து இரண்டு பின் சரியாகத் தொடவில்லை என்றால், மிச்சப் பின்கள் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமந்து சூடாகி, பிளாஸ்டிக் உருகும்.

2023-ல் கனெக்டரின் விதியையே மாற்றினார்கள். 12வி-2எக்ஸ்6 என்ற புதிய வடிவத்தில், 'நான் மாட்டப்பட்டிருக்கிறேன்' என்று சொல்லும் நான்கு உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள். கனெக்டர் ஆழமாகப் போனால்தான் அவை தொடும். தொடாவிட்டால் கார்டு பவரை இழுக்காது. நல்ல யோசனைதான். ஆனால் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-லும் உருகிய புகார்கள் வந்தன. 'யூசர் ஒழுங்காக மாட்டவில்லை' என்று மட்டும் சொல்லி ஒரு டிசைன் தப்பிக்க முடியாது என்பது என் கருத்து. அதற்காக அலட்சியமாக மாட்டவும் வேண்டாம். இந்த கனெக்டர் வைத்திருப்பவர்கள், முழுசாக அமுக்கிய பிறகு கேபிளை வாய்க்குப் பக்கத்திலேயே மடக்காமல் கொஞ்ச தூரம் நேராக விட்டு வளையுங்கள்.

படம் வருது, ஆனா ஏதோ சரியில்லை

இது அரைகுறை இணைப்பு. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டத்தைப் பாருங்கள். எக்ஸ்16 வரவேண்டிய இடத்தில் எக்ஸ்4, எக்ஸ்1 என்று வந்தால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது முனைகள் அழுக்கு, அல்லது தப்பான ஸ்லாட். பதறும் முன்பு இரண்டு விஷயம்: சும்மா இருக்கும்போது கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி கார்டுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம், ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 எல்லாம் பிறப்பிலேயே எக்ஸ்8தான்.

டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' என்று மஞ்சள் முக்கோணம் வந்தால் முதலில் டிரைவரை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். திடீரென்று திரை மட்டும் உறைந்தால், விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி. டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். சேவ் பண்ணாத வேலை பிழைக்கும். இந்த ஒரு ஷார்ட்கட்டுக்காக நீங்கள் எனக்கு டீ வாங்கித் தரலாம்.

எப்போ 'போயிடுச்சு'ன்னு ஒத்துக்கலாம்?

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் வரவில்லை என்றால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே நியாயமான சோதனை. உங்கள் கார்டை நண்பரின் கம்ப்யூட்டரில், அவருடைய எஸ்எம்பிஎஸ், அவருடைய கேபிளோடு மாட்டுங்கள். அங்கே வந்தால் குற்றவாளி உங்கள் ஸ்லாட்டோ எஸ்எம்பிஎஸ்ஸோதான். அங்கேயும் வரவில்லை, அல்லது பயாஸ் திரையிலேயே கலர் கலராகக் கட்டங்கள் தெறிக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால், சரி, கார்டுதான்.

அப்போதும் கடைக்கு ஓடும் முன்பு பில்லைத் தேடுங்கள். இந்தியாவில் பல பிராண்டுகள் 3 வருட வாரன்டி தருகின்றன. சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், கார்டின் ஹீட்சிங்க்கைப் பிரிக்காதீர்கள். வாரன்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். கடையில் கொடுப்பதாக இருந்தால், கார்டின் சீரியல் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வேற சிஸ்டத்துல போட்டுப் பார்த்தீங்களா அண்ணா?" ஒழுங்கான கடைக்காரர் கோபப்பட மாட்டார், உங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டுவார்.

வீடு மாறப் போகிறவர்களுக்கு: கார்டைக் கழட்டி, அது வந்த ஆன்டி ஸ்டேடிக் கவரில் போட்டு, பிறகு பபிள் ரேப் சுற்றி, உங்கள் பேக்கில் எடுத்துப் போங்கள். கழட்ட நேரமில்லை என்றால் கேபினெட்டைப் படுக்க வையுங்கள், மதர்போர்டு கீழே இருக்கிற மாதிரி. அப்போது கார்டு ஸ்லாட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும், தொங்காது. நான் செய்தது போல நிற்க வைத்து, தலையணையைப் போட்டுக் கட்டாதீர்கள்.

என் கார்டின் வால்பக்கத்துக்குக் கீழே இப்போது ஒரு காலி மாத்திரை டப்பா முட்டுக் கொடுத்து நிற்கிறது. இதற்கென்றே கடையில் ஸ்டாண்டு விற்கிறார்கள். அண்ணனிடம் கேட்டேன். "டப்பா உயரம் சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன" என்றார்.